பதினாறாம் நம்பர் தகடு

என் கண்ணான பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். நலம் இல்லாதது என் மனசு ஒன்றுதான். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நான் வாயைத் திறந்தாலே உன் அப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். இது ஊரே கேட்கிற விஷயம் இல்லை. நாலு நாளில் கடிதம் வந்து சேரும் என்று கூரியர் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

விஷயம் பட்டறைக்கு வாங்கப்போகிற ஓட்டை போடுகிற மிஷின் பற்றித்தான். நம் கைப்பிரஸ் ஆடிப்போய்விட்டது. ஸ்விட்ச் பெட்டிக்கு ஓட்டை போட்டால் ஓரமெல்லாம் பிசிறு. புது மிஷின் வேண்டும் என்று முதலில் சொன்னதே நான்தான். அதை இப்போது யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மிஷின் விற்கிற கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். வீட்டில் தனியாக விட முடியாதாம், அதனால்! விற்பனைக்காரர் கண்ணாடி மாதிரி ஒரு தகட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று வட்டமாக விழுந்தது. உன் அப்பா கை தட்டாததுதான் பாக்கி. நான் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளம். என் பையில் நம் பெட்டித் தகட்டில் ஒரு துண்டு வைத்திருந்தேன். இதில் போட்டுக் காட்டுங்கள் தம்பி என்று நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, அதுக்கெல்லாம் பெரிய மாடல் இருக்கும்மா என்று பேச்சை மாற்றினார். உன் அப்பா காதில் அது விழவே இல்லை. சும்மா இரும்மா, மானம் போகுது என்று என் கையைப் பிடித்து அமுக்கினான்.

வீட்டுக்கு வந்து விடாமல் சொன்னேன். இது நம் தகட்டுக்குத் தாங்காதுடா, ஓட்டை குத்துகிற பஞ்ச் உடையும் என்றேன். இன்ஜினியர் பொண்ணு போட்ட கணக்கும் அஞ்சாம் வகுப்புக் கணக்கும் ஒன்றா என்று கேட்டான். உன் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போய் அந்தக் கணக்கைப் பார்த்தேன். நீ எழுதி அனுப்பியதை உன் அப்பா மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என் பொண்ணு போட்டுக் கொடுத்தது என்று காட்டுகிறான். தகடு இறக்க வந்த லாரிக்காரரிடம் நானும்தான் காட்டினேன். அப்போது படிக்கவில்லை, காட்டினேன். இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'மிஷின் இருபது கேஜ் வரை போடும், நம் தகடு பதினாறுதான், நாலு மிச்சம் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாய்.

கண்ணு, கேஜ் அப்படி இல்லை. நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். பள்ளிக்கூடத்து ராங்க் மாதிரி. இருபதாம் நம்பரை நானே கையால் வளைப்பேன். பதினாறை வளைத்தால் என் விரல்தான் வளையும். நீ படித்த இடத்தில் எல்லாம் மில்லிமீட்டராக இருந்திருக்கும், கேஜ் என்று யார் பேசுவார்கள்? உன் அப்பாவோ ஆபீஸ் மேஜையை விட்டு இறங்கித் தகட்டைத் தொட்டவன் இல்லை. தொட்டவளைக் கேட்கவும் மாட்டான்.

அந்தத் தாளைக் கிழித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தால் என் கட்சி ஜெயித்திருக்கும். கை அதுவரை போனது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்க மனசு வரவில்லை. ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது.

ஆனால் பேசாமலும் இருக்க முடியவில்லை. மிஷினில் நிற்கப்போகிறவர் நம் பட்டறை ஆள் நெட்டை. அவர் உயரத்துக்குக் குனிந்துதான் வேலை செய்வார், முகம் பஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும். பெயரில்தான் பஞ்சு, உடைந்து தெறித்தால் கண்ணைத்தான் தேடும். கண்ணாடி போட்டுக்கொள் என்றால் வியர்க்குது பாட்டி என்கிறார். அவரிடமும் கத்தினேன். யாரிடம்தான் கத்தவில்லை!

இருபத்தெட்டாம் தேதி விற்பனைக்காரர் ஆர்டரில் கையெழுத்து வாங்க வருகிறார். அதற்கு முன்னால் நீயே அப்பாவுக்குப் போன் செய். மறுபடி பார்த்தேன் அப்பா, பெரிய மாடல்தான் வேண்டும், நம் தகட்டிலேயே ஓட்டை போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்று சொல். நீயாகக் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும். புதுத் தாள் ஒன்று எழுதி அனுப்பு, அவன் பழையதை எடுத்துவிட்டு அதை ஒட்டிக்கொள்வான். என் பேச்சை எடுக்காதே. இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு.

உன் மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நூறு வயது நன்றாயிருக்க வேண்டும்.

அப்புறம் என்றைக்காவது, இதெல்லாம் ஆறின பிறகு, போன் ஸ்பீக்கரில் இருக்கும்போது, கேஜ் எல்லாம் பாட்டியைக் கேளுங்கப்பா என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லி வை.

இப்படிக்கு,
உன் பாட்டி