புல்லட்டின் வலப்பக்கம்

17 ஜூலை 2025, வியாழன்

பல வருஷம் முன்னால் களமருதூர் பள்ளியில் இசைவாணி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து கேட்டாள்: "சார், எவர்சில்வர் டம்ளருக்கு இன்னா கலருங்க?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. டம்ளரைச் சிவப்புத் துணிமேல் வைத்தால் சிவப்பு, வாழையிலைமேல் வைத்தால் பச்சை. தனக்கென்று நிறம் இல்லாமல், எதிரே இருப்பதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்றேன்.

இன்று பொம்மை வண்டிக்கான பிளாஸ்டிக் சைலன்சர் ஒன்றைக் கையில் வைத்திருந்தபோது அவள் ஞாபகம் வந்தது. வெள்ளிப் பெயின்டை எத்தனை முறை பூசினாலும் குரோம் வராததற்கும் அதே பதில்தான். அது சாம்பல் நிறத்தைக் காட்டும், எதிரே இருப்பதைக் காட்டாது. குரோமுக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும்.

ஆடி பிறந்துவிட்டது. காலையில் ரிஷிவந்தியம் போய் மகள் அபிநயாவை அழைத்து வந்தோம். தையில்தான் கல்யாணம் ஆனது. வழக்கப்படி ஆடி முழுக்க எங்கள் வீட்டில் இருப்பாள், ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். சீரோடு ஒரு சின்ன புல்லட்டும் போக வேண்டும். மாப்பிள்ளை சிவசங்கர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "என் வண்டிய அப்பிடியே சின்னதா செஞ்சி குடுங்க மாமா. குரோம்ல என் மூஞ்சி தெரியணும்."

20 ஜூலை

ஒட்டிச் செய்யும் வெளிநாட்டு கிட்டில் வரும் குரோம் பொம்மைக் குரோம். வெட்டிய இடத்தில் தழும்பு, நடுவில் அச்சுக்கோடு. எல்லாவற்றையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டேன். தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. பிறகு ஈர உப்புத்தாளால் தேய்ப்பு. கீறல் கறுப்பில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும், குரோம் ஏறியதும் வெளியே வரும். ஆகவே இப்போதே தேய்க்க வேண்டும்.

அபி காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். வலது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குச் சூட்டுப் புண், இன்னும் ஆறவில்லை. கேட்டதற்கு, "சைலன்சர் சுட்டுடுச்சிப்பா. எல்லாருக்கும் சுடறதுதான" என்றாள்.

உண்மைதான், இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் காலில் அந்தத் தழும்பு இருக்கும். மருந்து போட்டேன். அதோடு விட்டேனா? இரும்பு எப்படிச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று இட்லிக் குண்டானை உதாரணம் காட்டி ஒரு பாடம் நடத்தினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

25 ஜூலை

கறுப்பு ஏற்றியாயிற்று. தூசி படாமல் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறேன்.

பெயின்டுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரைப் போட்டதும் அது 'டப்' என்று உதறி ஓட ஆரம்பிக்கும். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அபி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு ஒடுங்கிவிட்டாள். கீரை எல்லாம் சிதறிக் கிடந்தது. நான் நிறுத்தினேன். அவள் எழுந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி கீரையைப் பொறுக்கினாள்.

என்னவாம்? கேட்டால் ஒன்றுமில்லை. மனைவி பச்சையம்மாளைக் கேட்டேன். "புதுசா கட்டிக் குடுத்த பொண்ணு, அசதியா இருக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

29 ஜூலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கிட்டில் சாரி கார்ட் கிடையாது. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்கப் போடும் அந்தக் கம்பி வளையம் நம் ஊர் வண்டிக்குத்தான் உண்டு. வெளிநாட்டில் யார் புடவை கட்டிப் பின்னால் உட்காருகிறார்கள்? செம்புக் கம்பியை வளைத்து நானே செய்தேன். இடப்பக்கம் ஒட்டினேன். பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுவது இடப்பக்கம்.

வண்டியைத் திருப்பி வலப்பக்கம் சைலன்சரை மாட்டிப் பார்த்தேன்.

வலப்பக்கம். சைலன்சர் வலப்பக்கம். என் பொண்ணு ஒருநாளும் காலை இருபக்கம் போட்டு உட்கார்ந்ததில்லை. மாமியார் வீட்டில் அப்படி உட்காரக் கூடாது என்று கல்யாணத்தன்றே சொன்னார்கள். இரண்டு காலும் இந்தப் பக்கம் தொங்கும்போது அந்தப் பக்கத்து இரும்பு எப்படிச் சுடும்? வாத்தியாராம் வாத்தியார். இட்லிக் குண்டானை வெச்சிப் பாடம் நடத்தினானே, இது தெரியல.

அபியைக் கூப்பிட்டு வண்டியை அவள் முன் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்.

கல்வராயன் மலைக்கு மாப்பிள்ளையின் நண்பர்களோடு போனார்களாம். வெள்ளிமலை வளைவுகளில் அவன் பறந்திருக்கிறான். இவள், மெதுவாகப் போங்க, பயமா இருக்கு என்று சொல்லியிருக்கிறாள், அவன் நண்பர்கள் காதுபட. இறங்கி வந்ததும் நண்பர்களை அனுப்பிவிட்டு வண்டியை ஓரம் கட்டியிருக்கிறான்.

"'வேகமா ஓட்னா எப்பிடி சூடாவுது பாரு'ன்னு காலைப் புடிச்சி வெச்சி அழுத்திக்கினே இருந்தாம்ப்பா. கத்தினா இன்னும் அழுத்தினான். அப்புறம் கத்தல."

30 ஜூலை

கத்தியில் புது பிளேடு மாட்டினேன். ஒன்றையும் வெட்டவில்லை. எதை வெட்ட நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

31 ஜூலை

பச்சையம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வந்த அன்றே தெரிந்திருக்கிறது. முதுகில் பெல்ட் தடம் இருக்கிறதாம், குளிக்கும்போது பார்த்திருக்கிறாள். ஏண்டி சொல்லவில்லை என்று கத்தினேன். முப்பது வருஷத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் அழவில்லை. ஆவணியில் அனுப்பாவிட்டால் ஊர் என்ன பேசும், ஒரு குழந்தை பிறந்தால் அவனே அடங்கிவிடுவான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "பதினெட்டுக்கு வருவாரு. விருந்து போட்ற வரிக்கும் வாயத் தொறக்காதீங்க."

வாயைத் திறக்காமல் இருக்கச் சைலன்சருக்குக் குரோம் அடித்தேன். காற்றைக் குறைத்து, பனி இறங்குவதுபோல் மெல்ல மெல்ல. நன்றாக வந்திருக்கிறது. என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

வந்தான். குடித்திருந்தான். சின்ன புல்லட்டைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஓடிப்போய் எடுத்துச் சைலன்சரைக் கட்டைவிரலால் தேய்த்தான். குரோம் அப்படியே கறுத்துப்போனது. "இன்னா மாமா, தொட்டாலே பூடுது?"

இலை போட்டபிறகு சொன்னேன். ஆவணியில் அபி வர மாட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அவன் சிரித்தான். சோற்றோடு இலையை எத்திவிட்டு அபியின் பின்னலைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்தான். நடுவில் போன பச்சையம்மாளைத் தள்ளினான். நிலைக்கட்டையில் நெற்றி மோதி ரத்தம். நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது சரியில்லை, நெரித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஹெல்மெட்டால் என் கையில் அடித்தான். இன்னொரு அடி. மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

தெருவில் ஆள் சேர்வதற்குள் தன் புல்லட்டில் ஏறிப் போய்விட்டான்.

(நான் சொல்ல அபி எழுதியது. "நெரித்தேன்" வேண்டாம்ப்பா என்றாள். எழுதச் சொன்னேன்.)

6 ஆகஸ்ட்

இடது கையால். மாவுக்கட்டு. பச்சையம்மாளுக்கு நெற்றியில் தையல். புகார் கொடுத்தாயிற்று.

8 ஆகஸ்ட்

அம்மிக் குழவியால் சின்ன புல்லட்டை நசுக்கினேன். டேங்க், சக்கரம், சாரி கார்ட். ஒவ்வொன்றாக. தூள் ஆனபிறகும் அடித்துக்கொண்டிருந்தேனாம். பச்சையம்மாள் வந்து குழவியை வாங்கினாள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சம்பந்தி சுப்புராயன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பேச வந்தார். காரில் நான்கு பேர். சிவசங்கர் புல்லட்டில். அந்த வண்டியிலேயே வர அவனுக்குத் துணிச்சல் இருந்தது. வாசலில் நாற்காலி போட்டோம். மூத்தவர் வெங்கடேசன், பெரிய மீசை, அறுபது ஏக்கர்க்காரர். எங்கள் இருவருக்கும் பொதுவான மனிதர்.

பதினெட்டன்று நடந்தது தப்பு, மன்னிப்புக் கேட்பான், புகாரைத் திரும்பப் பெற வேண்டும், ஆவணியில் பெண்ணை அனுப்ப வேண்டும். இதுதான் பேச்சு. காலைப் பற்றி நான் சொன்னதும் சிவசங்கர், "சைலன்சர் சுட்டதுக்கெல்லாமா பஞ்சாயத்து? யாருக்குத்தான் சுடல?" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் வேட்டியைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டினார்.

வகுப்பில் நான் எதையும் சொல்லிப் புரியவைத்ததில்லை, செய்துகாட்டித்தான் பழக்கம். வெங்கடேசனிடம் கேட்டேன். "ஐயா, அந்த வண்டியில ஒருதரம் பொம்பளைங்க உக்கார்ற மாதிரி உக்காருங்க."

"இன்னா வாத்தியாரே, இந்த வயசுல என்னைப் பொம்பளையாக்கறியா?" என்றார். ஆனாலும் எழுந்துபோய் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தார். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். உங்கள் வலது காலால் சைலன்சரைத் தொடுங்கள் என்றேன். காலை நீட்டினார். குனிந்து பார்த்தார். சைலன்சர் அவர் முதுகுக்குப் பின்னால், வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

சுப்புராயன் விடவில்லை. இறங்கிச் சுற்றி வரும்போது பட்டிருக்கும் என்றார். அபி முன்னால் வந்து புடவையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால். ஒரு சாண் தழும்பு. வெங்கடேசன் வண்டியைவிட்டு இறங்கிக் கிட்டே வந்து பார்த்தார்.

"சுட்டா காலை இழுத்துக்குவாங்களா, இவ்ளோ நேரம் வெச்சிக்கினு நிப்பாங்களா? யாரு புடிச்சிகினு இருந்தது, சுப்புராயா?"

சிவசங்கர் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். "கெழவன உக்கார வெச்சி டிராமா காட்றீங்களாடா?" என்று அபியை நோக்கிப் பாய்ந்தான். நான் இடது கையை ஓங்குவதற்குள் பச்சையம்மாள், நெற்றியில் தையலோடு, காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் அடித்தாள். ஒன்று. மறுபடி. மறுபடி. உதடு கிழிந்தது. பெரியவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், அவளைப் பிடிக்கவில்லை.

"அனுப்ப மாட்டேன்" என்றாள் பச்சையம்மாள். மூச்சு வாங்கியது. "ஊர் இன்னா வேணா பேசட்டும். அனுப்ப மாட்டேன்."

17 ஆகஸ்ட்

ஆவணி ஒன்று. யாரும் வரவில்லை. அபி பகல் முழுக்கத் தூங்கினாள்.

20 அக்டோபர், தீபாவளி

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வரலியா என்று எதிர்வீட்டு ராதிகா தெரிந்துகொண்டே கேட்டாளாம். வந்தா செருப்பு ரெடியா இருக்குது என்று பச்சையம்மாள் சொன்னாளாம். என்னிடம் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அபி கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போகிறாள். காலை டவுன் பஸ், சாயங்காலம் டவுன் பஸ். போன வாரம் கோர்ட்டில் வாய்தா. கூட வருகிறேன் என்று சட்டையைப் போட்டேன். "நீ வேணாம்ப்பா, நான் பேசிக்கறேன்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். வந்து சாப்பிட்டாள். என்ன நடந்தது என்று அவளாகச் சொல்லும்வரை நான் கேட்கவில்லை.

என் மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் விசையைச் சீராக அழுத்த முடியவில்லை, குரோம் திட்டுத்திட்டாக விழுகிறது. அவள் போகும் டவுன் பஸ்ஸைச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். பம்பர் மட்டும்தான் குரோம். அதில் கை வைப்பதற்கு முன் மளிகைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கரண்டிகளில் பழகுகிறேன். ஜன்னல் ஓரம் வரிசையாகக் காய்கின்றன. போகிறபோதும் வருகிறபோதும் விரல் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. அறுபத்து மூன்று வயதில் தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

யாராவது இதைப் படித்தால் நீங்களும் செய்துபாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் கரண்டிக்குப் பளபளப்புக் கறுப்பு அடித்துக் கண்ணெதிரே வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக்கூட, ஒரு நாள் முழுக்க அதைத் தொடாதீர்கள்.