உன் புடலங்காய், என் சோறு

இன்று மதியம் அலுவலகத்தில் யாரோ டப்பா திறந்தார்கள். நெய்யில் வதக்கிய புடலங்காய். மேலே தேங்காய்ப்பூ. சீரகம் கொஞ்சம் தூக்கல்.

தலை நிமிராமலே தெரிந்தது. அது உன் டப்பா இல்லை என்பதும் அதே நொடியில் தெரிந்தது.

புதிதாக வந்திருக்கும் பெண். கணினியில் மூட்டைக் கணக்கு ஏற்றும் வேலை. உன் நாற்காலி. டப்பாவில் சோறு இல்லை. எடைமேடை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சோறே காணோம்?"

"டயட்டுண்ணா. அரிசி, கோதுமை எல்லாம் நிறுத்திட்டேன்."

"வேணாம்மா. இதே சீட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சு. இப்படித்தான் சோத்த வுட்டுச்சு. ஒரு ஜொரம் வந்துது, உடம்பு தாங்கல. போயிடுச்சு."

அவள் ஸ்பூனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "நெஜமாக்கா?"

அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். சரியாகச் சொன்னேனா என்று நீ பார்க்க வேண்டும்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. செஞ்சியில், நெல் ஏலம் நடக்கும் விற்பனைக் கூடம். அறுப்பு நாட்களில் டிராக்டர்கள் வாசலைத் தாண்டி ரோட்டில் நிற்கும். உள்ளே மூட்டை மேல் மூட்டை. தலை சீவினால் உமி உதிரும். அரிசியை விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் முடிவெடுக்க இதைவிடப் பொருந்தாத இடம் கிடைக்காது.

நமக்கு ஒரே வயது. ஒரே வருடம் சேர்ந்தோம். இருவருக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி. எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் இருவரிடமும் ஒரே குரலில் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே மாடல்டி," என்றாய். "ஒரே ரிப்பேரு."

மாவுச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினோம். ஃபோனில் வந்த உணவுப் பட்டியலை நீ சத்தமாக வாசித்தாய். முட்டை. மீன். கோழி. காளான். காலிஃபிளவர். வாசிக்க வாசிக்க உன் குரல் இறங்கியது. மேல்சித்தாமூரில் சமணக் குடும்பம் உன்னுடையது. முட்டையும் கறியும் வீட்டு வாசல் ஏறாது. காளான் ஆகாது. காலிஃபிளவரில் பூச்சி ஒளிந்திருக்கும், அதுவும் ஆகாது. பொழுது சாய்ந்த பிறகு எதுவுமே ஆகாது.

"எனக்கு இன்னாடி மிச்சம்?"

"காத்து."

"அதுலயும் பூச்சி இருக்கும்."

மிச்சம் இருந்தவை புடலை, சுரை, பீர்க்கை, கீரை. தேங்காய். பன்னீர். பாதாம். எனக்கோ பட்டியல் முழுக்கத் திறந்திருந்தது. நீ ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டாய் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு.

உனக்கு மதியத் தூக்கம் போனது. நின்று நின்று வந்த மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. முகம் தெளிந்தது. சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாய்.

எனக்கு மலச்சிக்கல். சீப்பு நிறைய முடி. ஏலம் நடக்கும்போது தலை சுற்றும். எல்லோர் மேலும் எரிச்சல். கனவில் சோறு வரும்; வெறும் சோறு, ஆவி பறக்க, குழம்புகூட இல்லாமல். எடை அசையவே இல்லை. பட்டியலை நான் உன்னைவிடக் கறாராகப் பிடித்திருந்தேன். அதுதான் கொடுமை.

நான் படித்தவள். காரணம் வேண்டும் எனக்கு. ஆய்வுகளைத் தேடித் தேடி வாசித்தேன். இணையக் குழுக்களில் கேட்டேன். "எங்கேயோ ஏமாற்றுகிறீர்கள், மறைக்காமல் சொல்லுங்கள்" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதினார். அன்று கழிவறையில் நின்று அழுதேன்.

மறுநாள் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து உன் முன்னால் திறந்தேன். நீ சொல்லப்போகும் வார்த்தைக்காக முதுகு விறைத்திருந்தது.

"நல்லா பெசஞ்சி துன்னு. உன் மூஞ்சிய பாக்கவே பயமா இருந்துச்சு இத்தினி நாளா."

அவ்வளவுதான். சரியாகச் செய்தாயா என்று நீ கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உன் டப்பாவை என் டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாய்.

ஊர் உன்னைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. நெல் கொண்டுவரும் பெண்கள் ஜன்னலில் வந்து நிற்பார்கள். இன்னாம்மா துன்ற, எங்களுக்கும் சொல்லு. "டாக்டர கேளுங்கக்கா, உங்க உடம்பப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்பாய். இணையக் குழுவில் உன்னுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்துப் போடக் கேட்டார்கள். மறுத்துவிட்டாய். என் மூஞ்சிய வச்சி யாரும் எதையும் நம்ப வேணாம் என்றாய்.

ஒரு பெரியவர் சண்டைக்கே வந்தார். "எங்க நெல்ல கணக்கெழுதி சம்பளம் வாங்கற, அரிசி மட்டும் ஆவாதா உனக்கு?"

"அது மேல கோவம் இல்லண்ணே. ஒத்துவரல, பிரிஞ்சிட்டோம். ஊர்ல எத்தினி புருசன் பொண்டாட்டி பிரியறாங்க, அவங்கள கேட்டீங்களா?"

கூடமே சிரித்தது. பெரியவரும்.

அந்தச் சிரிப்புக் கூட்டத்தில் என் நைனாவும் நின்றிருந்தார். அனந்தபுரத்திலிருந்து பொன்னி நெல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உன்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார். அன்றிரவு முதல் சோற்றைத் தொடவில்லை. மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா நினைத்தாள்.

சில நாளில், வரப்பில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிலத்துக்காரர் வாயில் வெல்லம் போட்டு எழுப்பினார். வெயிலு என்றார் நைனா. மறுநாளும் சோறு இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றார். அம்மா ஃபோனில் அழுதாள். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் பக்கத்தில் ஆள் இருப்பார்களா?

"யாரப் பாத்து வுட்டாராம்?" என்று கேட்டாய்.

நான் உன் டப்பாவைப் பார்த்தேன். உனக்குப் புரிந்துவிட்டது.

உன் சாயங்கால டப்பாவைத் திறக்காமல் பைக்குள் வைத்தாய். என் வண்டியின் பின்னால் ஏறினாய்.

நைனாவுக்கு உன்னைக் கண்டதும் ஒரே குஷி. "வாம்மா வா! நீதாம்மா எனக்கு டாக்டரு!"

"மாத்திர போட்டீங்களா நைனா?"

"போட்டேன்."

"சோறு?"

"வுட்டாச்சு. உன்னப்போல."

"எனக்கு சக்கரையே கெடையாது நைனா. ஒரு மாத்திரகூட நான் போடல. நீங்க போடற மாத்திர, சோறு வரும்னு நம்பி வேல செய்யுது. வரலன்னா உங்களத்தான் கீழ தள்ளும்."

"உனக்கு நல்லா ஆச்சே?"

"எனக்கு ஆச்சு. இதோ உங்க பொண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணாதான ஆரம்பிச்சோம். பாதி முடி போச்சு அவளுக்கு. உங்க ரத்தம் அவ. அவளப் பாக்காம என்னப் பாத்தீங்களே, இன்னா நியாயம்?"

என் தலையைத் தொட்டுக்கொண்டேன். அதுவரை அது எனக்கு நேர்ந்த தோல்வி. நீ அதை என் நைனாவின் முன் எடுத்து வைத்தாய், உன்னுடையதற்குச் சமமாக. என் உடம்பு சொன்னதும் ஒரு பதில்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நைனா பிடிவாதக்காரர். விட்டதைத் தொடமாட்டேன் என்றார். நீ பேசினாய். அவர் மறுத்தார். நீ வேறு விதமாகப் பேசினாய். அம்மா சோறு வடித்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். மேற்கே செஞ்சி மலைகளுக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் உன் பையைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாய். சொல்லாதே.

அம்மா லைட் போட்டாள்.

"சரிம்மா, தொண்ட தண்ணி வத்திப்போச்சு உனக்கு," என்றார் நைனா. "நீ மொதல்ல எதனா சாப்புடு. அப்புறம் பேசலாம்."

"எனக்குப் பொழுது போயிடுச்சி நைனா. இனிமே காலையிலதான்."

அவருக்கு உங்கள் வழக்கம் தெரியும். மேல்சித்தாமூர்க்காரர்களோடு எத்தனையோ போகம் நெல் விற்றவர். திரும்பி மேற்கே பார்த்தார். இருட்டு.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க சாப்புடுவீங்கன்னு பாத்துனே இருந்தேன்."

நைனா எழுந்து கையைக் கழுவினார். பிறகு அம்மாவிடம், "தட்டு எடு," என்றார்.

"கொஞ்சமா போடுங்கம்மா," என்றாய். "கீர நெறைய. காலையில டாக்டரு. நானும் வரேன்."

உன் டப்பாவை என் கையில் தந்தாய். விடிந்தால் அது பழசு, நீ தொடமாட்டாய். புடலங்காயைச் சூடான பொன்னிச் சோற்றில் போட்டுப் பிசைந்தேன். நைனாவும் நானும் சாப்பிட, பசியோடு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் தியாகம் எதுவும் இல்லை. ஏலத்தில் நல்ல விலை படிந்த முகம்.

"உப்பு எப்படிடி?"

"கம்மி."

"உன் சோத்துக்குத்தான் கம்மி. எனக்கு சரியா இருக்கும்."

உன்னை ஊரில் விடப் போகும்போது உன் வயிறு சத்தம் போட்டது. வண்டி சத்தத்தை மீறிக் கேட்டது. இருவரும் சிரித்ததில் வண்டி ஆடியது.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். சோற்றைப் பாதியாக்கினார். நைனா இன்றைக்கும் அதே அளவில் இருக்கிறார். என் உடம்பு வேறொரு டாக்டரிடம், வேறொரு வழியில், மெதுவாகச் சரியாகி வருகிறது.

நீ போனது மழை நாளில். கொசுக் காய்ச்சல். பாண்டிச்சேரியில் சேர்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. காய்ச்சல்தான், சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கே தெளிவாகச் சொன்னார்கள். யாருக்கு வேண்டும் அது. சோறு தின்னாமல் செத்தாள் என்றது ஊர். அந்த உணவால்தான் இத்தனை நாள் நன்றாக இருந்தார் என்று எழுதியது குழு. உன் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டும்விட்டார்கள். உயிரோடு இருந்தவரை எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்ல மறுத்தவள் நீ. இரண்டு பக்கமும் உன்னை இழுத்தன.

உன் வீட்டு வாசலில் ஒருவர் அந்தச் சோற்றுப் பேச்சை எடுத்தபோது, சுவரோரம் நின்றிருந்த நைனா திரும்பினார். "அந்தப் பொண்ணு எங்க வூட்ல பட்டினியா குந்திக்கினு எனக்கு சோறு போட்டுச்சு. வாய மூடு."

நைனா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது இன்றைய பதில்.

"அவ ஜொரத்துல போனா," என்றேன் புதிய பெண்ணிடம். "சோறு வுட்டது அவளுக்கு ஒத்துக்கிச்சு. அவளோட ஆரம்பிச்ச எனக்கு முடி கொட்டுச்சு. மாத்திர போட்டுக்கினு சோத்த வுட்ட எங்க நைனா வரப்புல வுழுந்தாரு. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. நீ மாத்திர எதனா போடறியா?"

"இல்லக்கா."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான ஆரம்பிச்ச?"

"சொல்லிட்டேன்."

"அப்ப சாப்புடு. ஆறுது பாரு."

எடைமேடை அண்ணன் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். நான் என் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரு ஸ்பூன் போடு என்றேன். சோற்றில் பிசைந்து வாயில் வைத்தேன்.

அவள் கவலையோடு பார்த்தாள். "உப்பு கம்மியாக்கா?"

இன்னொரு ஸ்பூன் வாங்கிப் பிசைந்தேன்.

"என் சோத்துக்குத்தான் கம்மி," என்றேன். "உனக்கு சரியா இருக்கும்."