கை தாங்கிய குழாய்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். யாரிடம் சொல்லி எழுத வைத்தேன் என்று யோசிக்காதே, நானேதான். அறுபத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த மூன்று வரிக்கே ஒரு காலை முழுவதும் போய்விட்டது, ஆனாலும் திரும்பப் படித்துப் பார்த்தபோது, முதன்முதலாக லோடு ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிய நாளில் இருந்த சந்தோஷம் இருந்தது. டீச்சருக்கு உன் அக்கா வயதுதான் இருக்கும், என் எழுத்து ஒரு பக்கம் லோடு சரிந்த லாரி மாதிரி சாய்கிறது என்கிறார். கடை போர்டு, மருந்து பாட்டில், பஸ்ஸின் நெற்றி என்று எதையும் நான் விடுவதில்லை. உன் மாமா என்னோடு தெருவில் வர மாட்டேன் என்கிறார், ஒவ்வொரு போர்டுக்கும் நின்று படித்தால் வாங்கிய பால் வீடு சேர்வதற்குள் தயிராகிவிடுமாம்.

அக்கா போனில் சொன்னாள், நீ சொந்தமாகப் பழைய டீசல் லாரி வாங்கியிருக்கிறாயாம், நம் வண்டியைப் போலவே தானே கியர் மாற்றிக்கொள்கிற வண்டியாம், கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் மீட்டர் அதில் இல்லாததால் வெளியே வாங்கி மாட்டப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசலாம், ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் அங்கே மழையா இங்கே வெயிலா என்பதற்கு மேல் போவதில்லை, எட்டு வருஷமாக அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயம்தான், தெரிந்திருக்கிறது என்று எனக்கும் இப்போது தெரியும், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டியது என்று ஒன்று இருக்கிறது.

கியர்பாக்ஸிலிருந்து முன்னால் இருக்கும் கூலருக்கு இரண்டு குழாய் ஓடும். ஒன்றில் கொதிக்கும் ஆயில் போகும், மற்றதில் குளிர்ந்த ஆயில் திரும்பி வரும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், கையைச் சுடுவது போகும் குழாய், கை தாங்குவது திரும்பும் குழாய். அன்று நம் வண்டியில், மீட்டருக்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சாரை நான் மாட்டியது கை தாங்கிய குழாயில். கைக்கு எட்டுகிற இடமாக இருந்தது, மாட்டியபின் மீட்டர் முள்ளும் பச்சையை விட்டு ஏறவே இல்லை. கியர்பாக்ஸ் கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சென்சாரோடு ஒரு காகிதம் வந்தது. உன் அம்மா கையை நீட்டி, குடுங்க நான் படிச்சுச் சொல்றேன் என்றாள். வண்டி வேலையைக் கை செய்யுமா காகிதம் செய்யுமா என்று கேட்டு அதை நாலாக மடித்து டூல் பெட்டியில் போட்டேன். லாரியை என் மூத்த தாரம் என்றுதான் அவள் சொல்லுவாள், உங்க மூத்த தாரத்துக்கு நான் எதுக்கு மாத்திரை சீட்டு படிக்கணும் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஒர்க்‌ஷாப்பில் ஒருவருக்கும் எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரியாது என்பது என் நினைப்பு. காகிதம் எது வந்தாலும் கொஞ்ச நேரம் கையில் பிடித்துத் தலையாட்டிவிட்டு மடித்துவிடுவேன்.

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு நீ சிமெண்டு ஏற்றிக்கொண்டு போன நாளை நான் எழுதாமல் விட முடியாது. மேட்டின் அடியில் நின்று நீ எனக்குப் போன் செய்தாய், கருகல் வாடை வருகிறது, நிறுத்தட்டுமா அப்பா என்று கேட்டாய். முள் எங்கே நிற்கிறது என்றேன், பச்சையில்தான் என்றாய். அப்போது நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. “அப்ப முள்ளு சரி, உன் மூக்குதான் கெட்டுப்போச்சு, ஏத்து.” இரண்டாவது வளைவில் கியர்பாக்ஸ் எரிந்து பிடிப்பு விட்டு வண்டி பின்னால் உருண்டது. பிரேக் தாங்காமல் நீ வண்டியைக் கல் சுவரோடு ஒடித்து நிறுத்தியதால் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் பிழைத்தார்கள், பக்கத்தில் இருந்த உன் மாமா குதித்து முழங்காலை உடைத்துக்கொண்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பேர் நடுவில் நான் உன்னைப் பொய்யன் என்றேன். முள்ளைப் பார்க்காமல் ஓட்டிவிட்டுப் பச்சை என்கிறான் என்றேன். நீ போன் செய்ததை நான் சொல்லவில்லை, கட்டுப் போட்ட காலோடு வந்திருந்த மாமா சொல்ல வாயெடுத்தபோதும் அடக்கிவிட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்த மாதமே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டாய்.

போன மாதம் டூல் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. ஆயில் கறையோடு எழுத்து அப்படியே இருந்தது. எனக்கு ஒரே குஷி, மாமாவை உட்கார வைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். குழாய் என்ற சொல் ஒரே மூச்சில் வந்தது, கூலர் என்பதும் வந்தது. அடுத்த வரியில், குளிர்ந்து திரும்பும் குழாயில் இதைப் பொருத்தக் கூடாது, அங்கே கியர்பாக்ஸின் உண்மையான சூடு தெரியாது என்று இருந்தது. படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கு உறைத்தது. மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, “அவன் சொன்னான்ல மச்சான்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயிலை வடித்து, கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் துளை போட்டு நட்டு வெல்டு வைத்துச் சென்சாரை அங்கே மாட்டினேன். நீயும் அங்கேயே மாட்டு. தட்டின் அடியில் மாட்டாதே, கல் அடிக்கும். மேலே தள்ளியும் மாட்டாதே, அதன் மூக்கு எப்போதும் ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். புகைக்குழாய் இருக்கும் பக்கம் வேண்டாம். போகும் குழாயில் மாட்டினால் முள் மேட்டில் சட்சட்டென்று ஏறிப் பயமுறுத்தும், ஆனால் ஏமாற்றாது. திரும்பும் குழாய் மட்டும் ஆகவே ஆகாது. மாட்டிய பிறகு சிமெண்டு ஏற்றி அதே மேட்டில் ஓட்டிப் பார்த்தேன், மாமாவும் ஏறிக்கொண்டார். முதல் வளைவில் முள் பச்சையைத் தாண்டியது, இரண்டாவது வளைவுக்கு வரும்போது சிவப்பில் நின்றது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்திவிட்டு, சூடு இறங்கும்வரை இருவரும் அந்தக் கல் சுவரில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் பூசிய இடம் இன்னும் நிறம் மாறித்தான் தெரிகிறது.

அங்கிருந்து நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் சொன்னேன், என் மகன் பொய் சொல்லவில்லை, போன் செய்து கேட்டான், ஏற்றச் சொன்னது நான், முள்ளைத் தப்பாக மாட்டியதும் நான் என்று. புது கியர்பாக்ஸ் மாட்டிக்கொடுத்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னை வெளியே கூட்டிப்போனார். “பெரியவரே, கழட்டுன அன்னைக்கே சென்சாரு தப்பான குழாயில இருந்ததை நான் பாத்துட்டேன். தம்பிகிட்டதான் சொன்னேன். அவன்தான் வாயைத் தொறக்காதீங்கன்னான். சொன்னா எல்லாரும் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவாங்க, அப்பாவுக்குப் படிக்க வராது, இத்தனை பேர் முன்னால அது வேண்டாம்னான். இனி மேட்டு லோடு எடுக்க வேணாம்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடுங்கன்னான்.” கியர்பாக்ஸ் தாங்காது என்று அவர் சொன்னதால்தான் அன்று ஓட்டிப் பார்த்ததைத் தவிர இந்த எட்டு வருஷமும் நான் மேட்டு லோடு எடுக்கவில்லை. அது உன் சொல் என்று தெரியாமலேயே கேட்டு நடந்திருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நீ எந்த வயதில் கண்டுபிடித்தாய் மகனே.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், அவன் பொய் சொல்ற பிள்ளை இல்ல, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ வந்து இரண்டு நாள் இருந்தபோதும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தை மூன்று வருஷம் தாமதமாக இப்போது என்னிடம் இருக்கிறது, கேட்க அவள் இல்லை. அவள் இருந்தவரை, அவளுக்கு நீ எழுதிய கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவாள். ஒவ்வொன்றிலும் அப்பா எப்படி இருக்கிறார், இருமல் தேவலையா என்று நீ கேட்டிருப்பதாகப் படிப்பாள். போன வாரம் அவள் அவற்றைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் நானே படித்தேன், படிக்க நாலு நாள் ஆயிற்று. ஒன்றில்கூட அந்த வரி இல்லை. உன் கோபம் அவள் வழியாகக் குளிர்ந்துதான் என்னிடம் வந்திருக்கிறது.

நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், ஓடுகிற பாதையெல்லாம் உனக்கு இடம் கொடுக்க வேண்டும். காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் ஒரு தடவை படி. ஒன்று மறக்காதே, கருகல் வாடை வந்தால் முள் எங்கே நின்றாலும் நிறுத்து, போன் செய்து யாரையும் கேட்காதே. பதில் எழுது. நடுவில் நல்ல வார்த்தை சேர்த்துப் படிக்க இப்போது ஆள் இல்லை, நானேதான் படிப்பேன், மெதுவாகப் படிப்பேன். கை சுட்டாலும் பரவாயில்லை, உள்ளபடி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா