சராசரி மேடத்தின் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அப்பா இந்த வாரம் யாரையும் பிடிக்காமல் குளியலறை வரை நடந்துவிட்டார். வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நீ அனுப்பிய சட்டையைப் போட்டுவிட்டேன். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையே நடந்து முடிந்துவிடுகிறது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மடல் வந்தது. எங்கள் கல்லூரியின் இணையவழிப் புள்ளியியல் வகுப்பில் நீ சேர்ந்திருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. "உங்க மேடம் நடத்துற அழகே தனி. சந்தேகம் கேட்டா அன்னைக்கே பதில் போடுறாங்க. நான் நன்றி சொன்னேன்னு நேர்லயே சொல்லிடு" என்று எழுதியிருந்தாய். அலுவலகக் கணினியில் இதை எழுத மனம் வராமல்தான் தாளை எடுத்தேன்.

அக்கா, அந்த மேடம் இப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. உனக்குப் பதில் போட்டது நான்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் நடத்தும் பாடத்தை இணையத்துக்கு மாற்ற உதவுவதுதான் என் வேலை, உனக்குத் தெரியும். அந்த மேடத்தைப் பிள்ளைகள் சராசரி மேடம் என்பார்கள். "பாடமும் அதுதான், உயரமும் அதுதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இருபத்திரண்டு வருடமாக, வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தவர். கரும்பலகையை விட்டு வரமாட்டேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்தார். நானும் விடவில்லை. உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து, எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டேன்.

கேமராவைப் பார்த்ததும் அவருக்கு வாயடைத்துப் போனது. "சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கும்மா. நீ எதிர்ல உக்காந்து தலையாட்டு, அப்பத்தான் எனக்கு வரும்" என்றார். ஆறு வாரம் தலையாட்டினேன். அந்தப் பாடத்தில் நான் இரண்டு முறை கோட்டை விட்டது உனக்கு மறந்திருக்காது. தலையாட்டத் தலையாட்ட எனக்கே புரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "யாருக்குப் புரியல?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். காலி அறையில், என் ஒருத்திக்காக. ஒரு காணொளி எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அந்தக் காத்திருப்பையெல்லாம் வெட்டி எறிந்தேன்.

கடைசி நாளில் ஒரு படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பதிவு செய்த பாடம் கல்லூரிக்கே சொந்தம், ஆசிரியர் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன்படுத்தலாம் என்று நான்காவது வரியில் இருந்தது. மேடம் கைப்பைக்குள் கண்ணாடியைத் துழாவிக்கொண்டே, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். எல்லாரிடமும் வாங்குவதுதான் மேடம் என்றேன். கண்ணாடியைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நீட்டினேன், அக்கா. பத்துப் பாடம் முடித்தால் என் வேலை நிரந்தரம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். இது பத்தாவது. நிரந்தரமானால் அப்பாவின் சிகிச்சை கல்லூரியின் பொறுப்பு.

விடுமுறை முடிவதற்குள் அவருக்கு இரண்டு வரியில் கடிதம் போனது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று. "பாடம்தான் அது பாட்டுக்கு ஓடுதே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்று துறைத்தலைவர் என்னிடமே கேட்டார். மேடம் அறைச் சாவியைக் கொடுக்க வந்தபோது, "அந்த நாலாவது வரி உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். நம்பிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "நீ என்ன பண்ணுவே பாவம், சொன்னதைச் செய்யறவ. மனசுல வச்சுக்காத" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். ஒரு கடைப் பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கேள்விகள் மட்டும் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தன. பெயரை மாற்றினால் விசாரிப்பார்கள், அதே பெயரில் நீயே இரண்டு வரி போட்டுவிடு என்று எனக்கு உத்தரவு. முந்நூற்று நாற்பது பேர். பதிவு எண்தான் தெரியும், பெயர் தெரியாது. அந்த எண்களில் ஒன்று நீ என்று, நீ கேட்ட கேள்வியை உன் மடலில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நீ கேட்டது நல்ல கேள்வி. ஒரு சிலரை மட்டும் எடுத்து, சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று திட்ட விலக்கம் காணும்போது, எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு ஏன் வகுக்க வேண்டும்? "அது விதி, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்று போட்டுவிட்டேன். மனப்பாடம் என்ற சொல் மேடம் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அந்த ஒன்றை ஏன் கழிக்கிறோம் என்று ஐந்து பிள்ளைகளின் உயரத்தை வைத்து நான்கு நிமிடம் சொன்னார். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அன்று மாலையே, எட்டு நிமிடத்துக்குள் அடக்குவதற்காக அந்த நான்கையும் எடுத்துவிட்டேன். உனக்காவது ஒழுங்காகச் சொல்லலாம் என்று இப்போது உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குப் போய் நன்றி சொல்கிறாய்.

அடுத்த மாதம் முதல் தேதி விலங்கியல் சார் வருகிறார். அவரும் ஒப்பந்தக்காரர்தான். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். படிவத்தை நீட்டும்போது அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நிரந்தரம் என்றாலும் முதல் ஒரு வருடம் சோதனைக் காலம்தான்; படித்துக் காட்டினால் அடுத்த நாள் என் மேசை காலியாகியிருக்கும். வேறு வேலை கிடைக்கும்வரை அப்பாவை என்ன செய்வது என்று யோசித்து யோசித்து அங்கேயே நின்றுவிடுகிறேன்.

நீ இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. நீ நல்லவள். மனசாட்சிப்படி நட என்றுதான் எழுதுவாய். தாராளமாக எழுது. ஆனால் நீ புறப்பட்டு வரும் நாளையும் அதே தாளில் எழுது, அக்கா. தேதி போட்டு எழுது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தங்கை