நான் துடைத்த கோடு

அன்புள்ள மகளுக்கு, சித்தி எழுதுவது. உடம்பளவில் இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அன்று வண்டிக்கு அடியில் உன் அப்பா "கோடு இருக்கா" என்று கேட்டபோது நான் "இல்லை" என்று சொல்லவில்லை. மூன்று வாரமாக அதைப் போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன்.

நம் வேனின் பின்சக்கரங்களுக்கு நடுவே குண்டாக இருக்குமே டிஃபரன்ஷியல், அதன் முன்வாயில் ஆயிலைக் கசியாமல் காக்கும் சீல் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்துகிற இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பக்கத்து வீட்டுக்காரர், உங்க வண்டி போன வழியை எறும்பு கூடக் கண்டுபிடிச்சிடும் என்று கேலி செய்தார். பக்கவாதம் வந்த பிறகு எட்டு மாதமாக அப்பா ஸ்பேனரைத் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும், வண்டியையும் நான்தான் ஓட்டுகிறேன். பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். முப்பது வருஷமா அடுத்தவன் வண்டியைப் பிரிச்சுப் போட்டவன் என் வண்டிக்கு ஒரு சீல் மாத்த மாட்டேனா, கைதானே மக்கர் பண்ணுது, மண்டை இல்லையே என்றார். அந்தப் பழைய குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நானும் ஒரு கிழிந்த சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

அந்த வேலையில் ஒரே ஒரு சூட்சுமம். நடுவிலிருக்கும் பெரிய நட்டு முன்பு எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் நிற்க வேண்டும், அதைத் தாண்டி முறுக்கினால் உள்ளே பேரிங் நெரிபட்டுப்போகும். அதனால் கழற்றும் முன்பே நட்டிலும் தண்டிலும் உளியால் புள்ளி அடித்து வைப்பது அப்பாவின் வழக்கம். அன்று வாதம் வந்த இடது கையில் உளி நிற்கவில்லை, இரண்டு முறை வழுக்கிற்று. என்னைப் பிடிக்கச் சொல்ல மனமில்லாமல், என் தையல் டப்பாவிலிருந்து சாக்பீஸை எடுத்துவரச் சொல்லி ஒரு கோடு போட்டார். பழைய சீலை நெம்பி எடுத்து, புதியதை மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினோம். அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், எல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று நான் மண்ணெண்ணெய்த் துணியால் நட்டையும் தண்டையும் துடைத்துவிட்டேன். இத்தனை புத்தகம் படித்தவளுக்கு அந்தக் கோடு ஞாபகம் வரவில்லை. திரும்பி வந்து கேட்டபோது, இல்லை என்றால் உளி பிடிக்காத கையைத்தான் நொந்துகொள்வார், மறுபடி கட்டிலோடு கிடப்பார் என்று பயந்து பேசாமல் இருந்தேன். சரி, கோடு சேர்ந்ததும் சொல்லும்மா என்று முறுக்க ஆரம்பித்தார். குத்துமதிப்பாக ஒரு இடத்தில், போதும் என்றேன்.

ஐந்து நாள் ஒரு சொட்டு இல்லை. அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டி, உங்க எறும்புக்கு இனிமே வேலை இல்ல என்றார். ஆறாம் நாள் பின்னாலிருந்து ஒரு ஊளைச் சத்தம், பாலத்து ஏற்றத்தில் சக்கரம் இறுகி வண்டி நின்றுவிட்டது. இறங்கி டிஃபரன்ஷியலைத் தொட்டுப் பார்த்து, சூடு தாங்காமல் விரலை இழுத்துக்கொண்டவர், இந்தக் கைக்கு அளவு மறந்துபோச்சு என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், கைப்பயிற்சியை விட்டுவிட்டார், விட்டால் கை திரும்பாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கருவிகளையெல்லாம் சாக்கில் கட்டி, பழைய இரும்புக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மூத்தவகிட்ட மூச்சு விடாதே என்று உன்னைச் சொல்லி எனக்கு உத்தரவு. நான் வாயைத் திறந்தால் என்னை என்ன நினைப்பார், திறக்காவிட்டால் அவர் என்ன ஆவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது, எனக்கு யாரும் இல்லை, உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தாலும் உன்னைவிடப் பதினொரு வயதுதான் மூத்தவள் நான், நீயாவது ஒரு வழி சொல்.

உனக்கு ஒரு குறையும் வராது, எங்கிருந்தாலும் நன்றாக இருப்பாய். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே.

இப்படிக்கு,
உன் சித்தி

பி.கு: இதை உறையிலிட மனம் வராமல் ஞாயிற்றுக்கிழமை அவருக்கே படித்துக் காட்டினேன். சுவரிலிருந்து திரும்பவில்லை. துடைத்த இடம் வந்தபோது மட்டும், மறுபடி படி என்றார். திங்கட்கிழமை இரும்புக்காரர் வந்து சாக்கைத் தூக்கிப் போனார். உளி மட்டும் அதில் இல்லை, அவர் தலையணையோரம் இருந்தது.