எங்கள் எண்ணைக் கடைசியாகக் கூப்பிடக் கோரி

அனுப்புநர்
முதல் மனுதாரர் (கணவர்),
நிறம் கலப்பவர், பெயிண்ட் கடை,
பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்
நிர்வாக அலுவலர் அவர்கள்,
குடும்ப நல நீதிமன்றம், மூன்றாம் மாடி.

பொருள்: பரஸ்பர சம்மத மணமுறிவு வழக்கு – இறுதி விசாரணை காணொலிக்கு மாற்றப்பட்டது – அதை ரத்து செய்து, நேரில் வந்து காத்திருக்க அனுமதி வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, மார்ச் 4.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வழக்கில் நானும் இரண்டாம் மனுதாரரும் (இன்றைய தேதி வரை என் மனைவி, கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிப்பவர்) சேர்ந்தே மணமுறிவு கேட்டிருக்கிறோம். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். அடிதடி இல்லை, மூன்றாம் நபர் இல்லை. "ஒத்துப்போகவில்லை" என்று வழக்கறிஞர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

2. நடந்தது என்னவென்றால், என் மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் கடையை மூடிவிட்டு வரும்போது அவர் தூங்கியிருப்பார். "குழாய் ஒழுகுது" என்று ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும். சரிசெய்து, அதே சீட்டில் "ஆச்சு" என்று எழுதி வைப்பேன். விடுமுறை நாளில் அவர் எதைக் கேட்டாலும் நான் "ம்" என்பேன். கணவர் பேசுவதே இல்லை என்று அவர் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருப்பதை நான் மறுக்கவில்லை.

3. தங்கள் அலுவலகம் எங்களை ஆலோசகரிடம் அனுப்பியது. நல்ல மனிதர். மின்விசிறியைக்கூட எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "மனசு விட்டுப் பேசுங்க" என்றார். நாங்கள் இருவரும் முப்பது நிமிடம் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். பேசச் சொன்னால் பேச்சு வருமா, ஐயா.

4. பேச்சு வந்தது தங்கள் காத்திருப்புக் கூடத்தில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பத்து மணிக்கு வருவோம். எங்கள் எண்ணைக் கூப்பிட மூன்று மணிக்கு மேலாகும். முதல் இரண்டு வாய்தாவில் பெஞ்சில் எங்களுக்கு நடுவே அவருடைய பை இருந்தது. மூன்றாவதில் அது அவர் மடிக்குப் போனது. மத்தியானத்துக்கு மேல் மேற்கு ஜன்னலின் மங்கல் கண்ணாடி வழியாக வெயில் வரும். தரையில் மெல்ல ஊர்ந்து எங்கள் செருப்பு வரை வந்து நிற்கும். கூடத்தில் பாதிப் பேர் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு வேலையும் இல்லாமல் ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தது எங்கள் பதினோரு ஆண்டில் அதுவே முதல் தடவை. இப்போதெல்லாம் காலையில் விழிக்கும்போது அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறேன் என்று ஒரு நொடி தோன்றுகிறது. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

5. நான்காவது வாய்தாவில் அவர் திடீரென்று, "கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, பார்க்கவே முடியல" என்றார். பையிலிருந்து சின்னத் திருப்புளி எடுத்து முடுக்கித் துடைத்து, தானே என் முகத்தில் மாட்டினார். "இப்ப எப்படி இருக்கு, முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். தன்னிடம் வரும் நோயாளிகள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

6. ஆறாவது வாய்தாவில் அவர், "அந்தச் செவுரு பச்சைதானே?" என்றார். இல்லை, அது சாம்பல், மஞ்சள் இரண்டு சொட்டு கூடுதலாக விழுந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். எங்கள் கடையில் கலந்த நிறத்தை அட்டையில் தடவி, காயும் வரை யாருக்கும் காட்ட மாட்டோம். ஈரத்தில் பார்த்துத் தலையாட்டியவர்கள் மறுநாள் டப்பாவோடு சண்டைக்கு வருவார்கள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "செவுத்தப் பத்தி அரை மணி நேரம் பேசுறீங்களே, இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

7. அப்போது டவாலி எங்கள் எண்ணைக் கூப்பிட்டார், மூன்று முறை. பெஞ்சுக்கும் கதவுக்கும் பன்னிரண்டு அடிதான். "இருதரப்பும் ஆஜராகவில்லை" என்று பதிவானது. என் வழக்கறிஞர், "எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க?" என்றார். கழிப்பறைக்குப் போயிருந்தேன் என்றேன். அது பொய். எனக்கு மூன்று முறையும் நன்றாகக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுந்திருக்காமல் இருந்ததற்கு என்னால் வருத்தப்பட முடியவில்லை.

8. எங்களால் நேரில் வர இயலவில்லை என்று தங்கள் அலுவலகம் இரக்கப்பட்டு, மார்ச் 20 அன்று நடக்கும் இறுதி விசாரணையைக் காணொலிக்கு மாற்றியிருக்கிறது. கடையிலிருந்து நானும் மருத்துவமனையிலிருந்து அவரும் திரையில் ஆளுக்கொரு கட்டத்தில் தெரிவோமாம். "சம்மதமா?" என்பார்கள். ஆம் என்றால் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுமாம். தங்கள் ஊழியர் இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இந்த மணமுறிவு வேண்டாம், ஐயா. அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு நாள் பெஞ்சு வேண்டும். அவருக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது.

9. ஆகவே காணொலியை ரத்து செய்து, எங்களை நேரில் வரவழைத்து, அன்றைய பட்டியலில் எங்கள் எண்ணைக் கடைசியாகக் கூப்பிட உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இதற்கு இரண்டாம் மனுதாரரின் கையொப்பமும் வேண்டும் என்றார்கள். இன்று மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருக்கிறார்கள். இந்த மனு தங்கள் கைக்கு வந்தால் அவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பொருள். இதை எழுதும்போது அது எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
காத்திருப்பதில் குறையேதும் இல்லாத,
(ஒப்பம்)
முதல் மனுதாரர்

இடம்: கண் மருத்துவமனை, வெளிநோயாளர் கூடம்
நாள்: மார்ச் 11

இரண்டாம் மனுதாரரின் குறிப்பு (கையெழுத்தில்):

மனுவை முழுவதும் படித்தேன். காணொலி வேண்டாம் என்பதில் எனக்குச் சம்மதம். எங்கள் எண்ணைக் கடைசியாகக் கூப்பிட வேண்டும் என்பதில் சம்மதமில்லை. அன்று எங்களைக் கூப்பிடவே வேண்டாம். பத்து மணிக்கு வந்து உட்கார்ந்திருப்போம்.

(ஒப்பம்)
இரண்டாம் மனுதாரர்