சிலேட்டில் எழுதிய 'ங்க'

என் எஸ்தருக்கு,

மஞ்சள் காமாலை என்று உன் அண்ணன் எழுதிய கார்டு எங்கள் வடகரப்பதிக்கு வந்து சேர்ந்தபோது உன்னை மண்ணுக்குள் வைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அழுவதா, திட்டுவதா என்று தெரியாமல் உன்னைத் திட்டித்தான் தீர்த்தேன். கண் மஞ்சளாகிற வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தாய்? கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க, மலையில் நீ வேலை பார்த்த சாந்தன்பாறை எஸ்டேட்டில் ஒருத்திகூடவா இல்லை?

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இன்று அதற்காக எழுதவில்லை. போன வாரம் பாப்பாத்தி பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். நம்முடைய பாப்பாத்திதான். அவள் சொன்ன ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. ஆசிரியர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள், இதையே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் டீச்சர் ட்ரெயினிங் படித்த வருஷம் அது. நம் காலேஜும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஒரு புது ஏற்பாடு செய்திருந்தன. வகுப்பு எடுத்துப் பழகுவது மட்டும் போதாது, வகுப்பில் இருக்கிற ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழி செய்து பார்த்து, என்ன ஆனது என்று எழுதித் தர வேண்டும். செயல் ஆராய்ச்சி என்று பெயர். "ப்ரச்னம் என்ன, காரணம் என்ன, பரிகாரம் என்ன, இது மூணும் இல்லாம ஒரு குட்டியும் திரும்பி வரண்டா" என்று நம் மலையாளி லெக்சரர் சார் பஸ் ஏறும் வரை சொல்லி அனுப்பினார்.

நீ எங்கள் வீட்டில்தான் தங்கினாய். எங்கள் வெயிலைப் பார்த்து மிரண்டாய். அதைவிட, என் அம்மா உன்னைப் பார்த்து "ஏனுங் டீச்சர், இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்" என்றபோதுதான் அதிகம் மிரண்டாய். மகள் வயதுப் பெண்ணுக்கு இத்தனை மரியாதையா என்று உனக்குக் கூச்சம்.

"ஏட்டி சரசு, உங்க ஊர்ல எருமையக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவியளா?" என்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டாய்.

"எருமை மரியாதை தெரிஞ்சு நடந்துக்கும் புள்ள. உனக்குத்தான் தெரியல" என்றேன். நீ என்னைக் கிள்ளி வைத்தாய்.

நமக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. வகுப்பு மாஸ்டர் முதல் நாளே பாப்பாத்தியைக் காட்டினார். இரண்டு தடவை பெயில், மூன்றாவது தடவையாக அதே பெஞ்சில் இருக்கிறாள், இந்தத் தடவையும் தேறாவிட்டால் அவள் அப்பா பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார் என்றார். அவள் சிலேட்டைப் பார்த்தோம். பசுவுக்கு எத்தனை கால்? 'நாலுங்க.' மழை எங்கிருந்து வருகிறது? 'மேகத்திலிருந்துங்க.' பதில் எல்லாம் சரி. மாஸ்டர் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்திருந்தார். பாப்பாத்தி மட்டும் இல்லை, பாதி வகுப்பு அப்படித்தான் எழுதியது, அவளிடம்தான் அதிகம்.

எனக்கு அது ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. பிழை, அடிக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு. நீ மலையிலிருந்து வந்தவள், உன் காதில் அது விழுந்தது. "இது பிழை இல்லட்டி. வேற என்னமோ" என்று அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நீ கேள்வி கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பிக் கேட்கச் சொன்னாய், மற்ற பிள்ளைகளை எழுதச் சொன்னாய். சிலேட்டுகளைத் திருப்பிக் காட்டினார்கள். ஒன்றில்கூட 'ங்க' இல்லை. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. கேட்பது டீச்சர், டீச்சருக்குப் பதில் சொல்கிறோம், அதை எப்படி மரியாதை இல்லாமல் எழுதுவது என்று எழுதியிருக்கிறார்கள்.

"டீச்சர் கேட்டா மொட்டையா எப்படிங்க எழுதறது?" என்று பாப்பாத்தி உன்னிடமே கேட்டாள். இப்படி ஒரு கேள்விக்கு நம் காலேஜ் புத்தகத்தில் எங்கே பதில் இருக்கிறது?

பரிகாரம் நீ கண்டுபிடித்ததுதான். பரீட்சையில் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். "புள்ளைகளா, கேக்குறது நான் இல்ல, இந்தப் பலகைதான். பலகைக்கு எதுக்கு மரியாதை?" என்றாய். வகுப்பே சிரித்தது.

"பலகை கோவிச்சுக்காதுங்களா டீச்சர்?" இதுவும் பாப்பாத்தி.

"கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

அதற்குப் பிறகு பலகை கேட்க, பிள்ளைகள் எழுத, நாம் வாரா வாரம் சிலேட்டுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். பாப்பாத்தி வகுப்பில் முன்னால் வந்துவிட்டாள். நமக்குக் கொடுத்த நாட்கள் முடிந்தன, காலேஜுக்குத் திரும்பினோம், ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்தோம். லெக்சரர் சார் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். நீ தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாய், ஆனால் உன் காதெல்லாம் சிவந்திருந்தது. நான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து, நீ லீவுக்கு ஊருக்குப் போகுமுன் பாப்பாத்திக்கு ரிப்பன் வாங்கிக்கொண்டு என்னோடு அவள் வீட்டுக்கு வந்தாய். அவள் அப்பா வாசலுக்கு வந்து தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வருசமும் பெயிலுங்க டீச்சர். அதுக்குப் படிப்பு ஏறலீங்க. கல்லக்காட்டுல கடலை பறிக்கற வேலைக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

பாப்பாத்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். பாவாடை ஓரம் தெரிந்தது. நீ ரிப்பனை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாய்.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பரீட்சை அன்று மாஸ்டர் லீவாம். ஹெட்மாஸ்டரே வகுப்புக்கு வந்து கேள்விகளை வாயால் படித்திருக்கிறார். பாப்பாத்தியின் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். மேலிருந்து கீழ் வரை எல்லாப் பதிலிலும் 'ங்க', எல்லாவற்றின் மேலும் மாஸ்டரின் கோடு. மற்ற பிள்ளைகளில் பலரும் பலகைக்கு எழுதியது போலவே எழுதித் தேறியிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வருகிற நேரத்தில், "நான் சொன்னது அந்தப் புள்ள மனசுல நிக்கலியே சரசு. ஒரே ஒரு நாள்ல எல்லாம் போச்சு. நான் என்ன டீச்சர்?" என்றாய்.

லீவு முடிந்து காலேஜுக்கு வந்ததும் லெக்சரர் சாரிடம் போய், ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு பக்கம் சேர்க்க வேண்டும், நம் பரிகாரம் தோற்றுவிட்டது என்று எழுத வேண்டும் என்று கேட்டாய். "அது கழிஞ்ஞல்லோ குட்டி. மார்க்கும் இட்டாச்சு. இனி எந்தினா?" என்று, முடிந்துபோனதைக் கிளறுவானேன் என்பதுபோலக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அடுத்த பேட்சுக்கு ஆள் அனுப்புகிற அவசரத்தில் இருந்தார். காலேஜுக்கு ரிப்போர்ட் கிடைத்தது, பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிடைத்தது. பாப்பாத்திக்கு என்ன கிடைத்தது?

நீ எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், எனக்கு இங்கேயே வேலை கிடைத்தது. இப்போது ட்ரெயினிகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்கிற டீச்சர் நான்தான். வந்து அவர்களிடம் ஒரு நாள் பேசு என்று உன்னை எத்தனை தடவை கெஞ்சினேன்! "தோத்துப்போனவள எதுக்குட்டி கூப்பிடுத?" என்று எழுதினாய். அந்த ஒரு வரிதான் என்னை இன்றைக்கு அறுக்கிறது.

இனி பாப்பாத்தி சொன்னதைக் கேள். கடைசித் தங்கச்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டி வந்திருந்தாள். கல்யாணம் ஆகிவிட்டது, நன்றாக வளர்ந்திருக்கிறாள், முகம் மட்டும் அதே முகம். முதலில் உன்னைத்தான் விசாரித்தாள். சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகை அடங்கியதும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன், எஸ்தர். "எஸ்தர் டீச்சர் அவ்வளவு சொல்லிக் குடுத்தாங்களே, பரீட்சை அன்னைக்கு மறந்துட்டியா கண்ணு?"

"மறக்கலீங்க டீச்சர். நல்லா ஞாபகம் இருந்துச்சுங்க. பலகைக்குத்தான் வேண்டாம்னு சொன்னாங்க. அன்னைக்கு ஹெட்மாஸ்டர் சார் எதுத்தாப்புல நின்னு கேக்கறாருங்க. மத்தவிங்கெல்லாம் மொட்டையா எழுதுனாங்க. எனக்கு மனசு வரலீங்க. பெயிலானாப் போகுதுன்னு எழுதிட்டேனுங்க."

நீ சொன்னது அவள் மனசில் நின்றிருக்கிறது, எஸ்தர். ஒரு எழுத்துப் பிசகாமல் நின்றிருக்கிறது. தெரிந்தேதான் அந்தப் பிள்ளை அப்படி எழுதியது. நீ தோற்கவே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலே நீ போய்விட்டாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று அந்தக் கதவுக்குப் பின்னால்தானே நின்றாள்? இரண்டு ஆராய்ச்சிக்காரிகள் வாசலில் நின்றோம். அவள் அப்பாவைக் கேட்டோம், ஹெட்மாஸ்டரைக் கேட்டோம், விடைத்தாளைப் பார்த்தோம். "ஏன் கண்ணு அப்படி எழுதினே?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை? அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் நீ நாலு மலை தாண்டியாவது வந்து ட்ரெயினிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய்.

பிள்ளைகளைத் திருத்தத்தான் நாம் பார்த்தோம். கோடு போட்டு அடித்துத் திருத்துகிற மாஸ்டரிடம் இது என்ன என்று உட்கார்ந்து பேசியிருந்தால் அவள் தேறியிருப்பாள். நேற்று இப்போதைய ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் 'ங்க' போட்டதற்கு மார்க் குறைக்கக் கூடாது, எழுத்து நடையை நாம் நிதானமாகச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்றேன். "இன்ஸ்பெக்சனுக்கு வர்ற ஏ.இ.ஓ. கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். "எங்கிட்ட அனுப்புங்க, நான் சொல்றேனுங்க" என்றேன். முனகினார், ஆனால் சரி என்றார்.

ஓணம் லீவு முடிந்து புது ட்ரெயினிகள் வருகிறார்கள். அவர்களிடம் உன் பெயரைச் சொல்வேன். ரிப்போர்ட்டில் நாம் எழுதாமல் விட்ட கடைசிப் பக்கத்தை வாயாலேயே சொல்வேன். எதை எழுதுவதாக இருந்தாலும் முதலில் பிள்ளையைக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்பேன்.

பாப்பாத்தியின் தங்கச்சி இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். அவளை யார் பெயிலாக்குகிறார்கள் என்று நான் பார்க்கிறேன். அக்காவை விட்டோம், இவளை விட மாட்டேன். இது சத்தியம் எஸ்தர்.

உன்னோடு ஒரே பாயில் படுத்தெழுந்த தங்கச்சி,
சரசு